காவல் மாறிய மாலை

கடலைப் பார்த்துப் போட்டிருந்த பெஞ்சுகளில் ஒன்று, காலையில் வந்து பார்த்தபோது, ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

இரும்புப் பெஞ்சு. கால்களைக் கான்கிரீட்டில் இறக்கி, போல்ட் போட்டு முடுக்கியது. அதைத் திருப்ப வேண்டுமென்றால் தரையைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்த தடயம் எதுவும் இல்லை. போல்ட்டுகளின் தலையில் பூங்கா திறந்தபோது அடித்த பச்சைப் பெயிண்ட் கீறல் விழாமல் அப்படியே இருந்தது. உட்காரும் இடம் மட்டும் ஈரமாக இருந்தது. இரவில் மழை பெய்யவில்லை.

"எல்லாம் காதலர்கள் பண்ற வேலை," என்றார் கண்காணிப்பாளர். "கடல் பார்க்குதேன்னு கூச்சப்பட்டுத் திருப்பிப் போட்டிருக்குங்க."

புல்வெளியைப் பெருக்கிக்கொண்டிருந்த தோட்டக்காரம்மா பெஞ்சைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். "போல்ட்டு கழட்டவே இல்லையே சார்."

"காதலுக்குக் கண்ணுதான் இல்லைன்னு சொல்லுவாங்க. கை இல்லைன்னு யாரும் சொல்லலையே."

அவள் சிரிக்கவில்லை. பெஞ்சைச் சுற்றிலும் பெருக்கினாள்; அதற்கு அடியில் மட்டும் துடைப்பத்தை விடாமல் நகர்ந்து போய்விட்டாள்.

தனக்குப் புரியாத ஒன்று எதிரே வந்தால், அதைப் பார்த்துப் பயப்படுவதற்குள் ஏளனம் செய்துவிட வேண்டும் என்பது கண்காணிப்பாளரின் வழக்கம். சட்டைக்கும் கழுத்துக்கும் சேர்த்தே கஞ்சி போட்டுக்கொண்டு வருகிறவர் என்று பூங்கா ஆட்கள் அவருக்குக் 'கஞ்சி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வைத்தவர்களையும் அவர் மதிக்கவில்லை, வைத்த பெயரையும் மதிக்கவில்லை. மொத்தத்தில் அவர் மதித்தவர்களை ஒரு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். ஓட்டுபவராக அவரே இருந்தால் பின்னால் இடம் மிச்சம் இருக்கும்.

பூங்கா என்னவோ நல்ல பூங்காதான். துறைமுகத்தை ஒட்டிக் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் நிலம். புல்வெளி, சரளைப் பாதை, கறுப்புப் பெயிண்ட் அடித்த நங்கூரம், சட்டத்தில் தொங்கும் வெண்கல மணி. கடல் விளிம்பில் ஆளைவிட உயரமான கருங்கல் பலகைகளை இடைவெளி விட்டு நிறுத்தியிருந்தார்கள். இடைவெளியில் கடல் தெரியும். கல்லில், போர்க்கப்பல் ஒன்றோடு மூழ்கிப்போனவர்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஒருவருடைய உடலும் கரைக்கு வரவில்லை. பாதிப்பேர் இதே ஊர்க்காரர்கள். பூங்காவுக்கு எதிரே சாலையைத் தாண்டி மேடேறும் தெருக்களில் அவர்களுடைய வீடுகள் இருந்தன, அவற்றில் அவர்களுடைய மனிதர்களும் இருந்தார்கள்.

"மிதக்கிறதுக்குச் சம்பளம் வாங்கினவங்க முழுகிட்டாங்க. அதுக்கு ஒரு பூங்கா," என்பார் கண்காணிப்பாளர், கேட்க ஆள் கிடைத்தால். "நாளைக்கு நான் ஒரு ஃபைலைத் தொலைச்சா எனக்கும் சிலை வைப்பாங்களா?"

இந்த ஏளனத்துக்கு ஒரு வேர் இருந்தது. கடைசிக் கல்லின் நடுவில் வெட்டியிருந்த பெயர் அவருடைய மனைவியின் முதல் கணவனுடையது. எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். அவன் போன பிறகு, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கும் வேலையில் இருந்த அவளைக் கண்காணிப்பாளர் பெண் கேட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார். ஊருக்கெல்லாம் வேப்பங்காயாக இருந்த மனிதர் அவளிடம் மட்டும் குழைந்தார். அவள் வேலைவிட்டு வர நேரமானால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். அவள் இருமினால் இவருக்கு நெஞ்சு வலிக்கும். அவளும் குறையொன்றும் வைக்கவில்லை. நேரத்துக்குச் சமைத்தாள், சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்கு எதுவும் சொன்னதில்லை. அதுதான் அவரைத் தின்றது. உயிரோடு இருப்பவனுக்குக் குறட்டை உண்டு, தொப்பை உண்டு, சிடுசிடுப்பு உண்டு. செத்தவனுக்கு வயதும் ஏறுவதில்லை, தப்பும் நேர்வதில்லை. அவளை அவனிடம் இழந்துவிடுவோமோ என்று அவர் பயந்தார். இல்லாத ஒருவனிடம் எப்படி இழப்பது என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை. பயம் மட்டும் இருந்தது.

அன்று காலை பதினொரு மணிவாக்கில் மணிக்காரர் அலுவலகத்துக்கு வந்து நின்றார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பொழுது சாயும்போது வந்து வெண்கல மணியை அடித்து, கற்களைப் பார்த்து விறைப்பாக நின்று, "காவல் நடக்கிறது" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போவதுதான் அவருடைய வேலை. அதற்காகக் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு வேறு. கஞ்சியில் தனக்கு ஒரு போட்டியாள் இருப்பதைக் கண்காணிப்பாளர் ரசிக்கவில்லை.

"வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன் சார். இன்னிக்கு சாயங்காலம் வர முடியாது. யாரையாவது விட்டு மணி அடிக்கச் சொல்லிடுங்க."

"ஒரு நாள் அடிக்கலைன்னா? உள்ள இருக்கிறவங்க கோவிச்சுக்குவாங்களா?"

மணிக்காரருக்கு இந்த மாதிரிப் பேச்சு பழகிப்போயிருந்தது. "அவங்க காவல் மாறாம போனவங்க சார். கப்பல்ல ஒருத்தன் காவல்ல நின்னான்னா, அடுத்தவன் எதிர்ல வந்து நின்னு 'காவலை ஏத்துக்கிட்டேன்'னு வாய்விட்டுச் சொல்லணும். சொன்னாத்தான் இவன் நகரலாம். காய்ச்சலோ, தீயோ, எது வந்தாலும் அதுவரைக்கும் நின்ன இடம்தான். கப்பல் போனப்ப அவங்களை மாத்த யாரும் வரலை."

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நீங்க வாரா வாரம் சொல்ற கதைதானே. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

"அப்ப சரி. 'காவல் நடக்கிறது', அவ்வளவுதான் சார் சொல்லணும். காவலை ஏத்துக்கிற அந்த இன்னொண்ணை மட்டும் அங்க யாரும் சொல்லிடக் கூடாது."

"சொன்னா என்ன ஆகும்?"

மணிக்காரர் தொப்பியைக் கையில் சுற்றினார். "தெரியாது சார். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் சொல்லாதேன்னுதான் சொன்னார். ஏன்னு நான் கேக்கலை. கேக்கற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

"அதான் முழுகிட்டீங்க," என்றார் கண்காணிப்பாளர்.

மணிக்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஏதாவது சொல்வார் என்று இவர் எதிர்பார்த்தார். வந்தால் சொல்ல இன்னும் இரண்டு வசனம் தயாராக வைத்திருந்தார். வரவில்லை என்பதில் சின்ன ஏமாற்றம்.

பகல் உணவு வேளையில் அது நடந்தது. ஜன்னல் பக்கம் எழுந்து வந்தவர், சரளைப் பாதையில் தன் மனைவி நடந்து வருவதைப் பார்த்தார். லேபில் போடும் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். இந்தப் பூங்காவுக்கு அவள் வருவதேயில்லை என்பது இவருடைய நம்பிக்கை. அவள் வழி கேட்கிறவள் மாதிரி வரவில்லை. தினம் வந்து பழகிய நடை. நேரே கடைசிக் கல்லுக்குப் போனாள், அந்தப் பெயரின் மேல் உள்ளங்கையை வைத்தாள், பேச ஆரம்பித்தாள்.

அழுதிருந்தால் அவர் மன்னித்திருப்பார். விதவை அழுவது ஊர் வழக்கம் என்று விட்டிருப்பார். அவள் அழவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள், அன்றைக்கு நடந்ததைக் கதை கதையாகச் சொல்வது மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நடுவில் நிறுத்தி, பதிலுக்குக் காது கொடுத்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தச் சிரிப்பை அவர் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே அவருக்குத் தெரியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை. அவள் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார். சோற்று டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தார்.

மூன்று மணிக்கெல்லாம் கடலிலிருந்து மூடுபனி ஏற ஆரம்பித்தது. நனைந்த கம்பளி வாடையும் எஞ்சின் எண்ணெய் வாடையும் கலந்த ஒரு காற்று, துறைமுகத்தில் கப்பல் எதுவும் நிற்காத நாளில், அலுவலக அறைக்குள் வந்து ஃபைல்களின் மேல் உட்கார்ந்துகொண்டது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தோட்டக்காரம்மா சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். துடைப்பம் வழக்கமாகச் சுவரில் சாய்த்து வைக்கும் இடத்தில் இல்லாமல் பாதை நடுவே கிடந்தது. அதைக் கண்டிக்க அவளை நாளைக்குக் கூப்பிட வேண்டும் என்று கண்காணிப்பாளர் நினைத்துக்கொண்டார். நாளைக்கு யாரையெல்லாம் கண்டிப்பது என்று யோசித்தால் அவருக்கு மனம் தேறும். அன்று தேறவில்லை.

பொழுது சாய்ந்ததும் தானே மணியடிக்கப் போனார். வேறு ஆள் இல்லை என்பது ஒரு காரணம். அந்தப் பெயரின் எதிரே போய் நிற்க வேண்டும் என்று மத்தியானத்திலிருந்து உள்ளே ஒன்று அரித்துக்கொண்டிருந்தது, அதுதான் காரணம்.

மணியின் நாக்கில் கட்டியிருந்த கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இழுத்தார். பனிக்குள் போன ஓசை, வழக்கமாகத் துறைமுகச் சுவரில் மோதித் திரும்புவது, அன்று திரும்பவில்லை; எதுவோ வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது போல் நின்றுவிட்டது. அவர் சரளையில் நடந்து கடைசிக் கல்லுக்குப் போனார். இழைத்த கல்லில் அவருடைய உருவம் மங்கலாகத் தெரிந்தது. தொப்பை இருந்த இடத்தில் அவன் பெயர் இருந்தது.

"என்னடா," என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "அவ சிரிக்கிற மாதிரி என்னத்தைடா சொன்ன? எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்தினவன். ஒழுங்கா நீந்தி வரத் துப்பில்லை. உனக்கு மத்தியானத்துல விருந்தாளி."

அலை கல்லின் பின்புறம் அடித்துக்கொண்டிருந்தது.

"நின்னுக்கிட்டே இருக்கியாமே. மாத்த ஆளில்லையாமே. பாவம்." காலைச் சேர்த்து வைத்தார். மணிக்காரர் செய்வதைப் போல, ஆனால் இடுப்பைக் கோணலாக நெளித்து, நெற்றிக்குக் கையைத் தூக்கினார். "காவலை நான் ஏத்துக்கிட்டேன். போடா. எல்லாரும் போங்கடா. வீட்டுக்குப் போக முடிஞ்சா போய்க்காட்டு, பாக்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல வசனம். நாளைக்கு மணிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அப்போதுதான் கவனித்தார். அலைச் சத்தம் இல்லை.

கடல் இருந்தது. இடைவெளியில் தெரிந்தது. அசையவும் செய்தது. சத்தம் மட்டும் இல்லை. அந்த மௌனத்தில், இடது பக்கம் முதல் கல்லுக்கருகே, சரளையில் ஒரு கால் பதிந்தது. நனைந்த பூட்ஸ் மிதிக்கும்போது உள்ளிருந்து தண்ணீர் பிதுங்கும் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு பல. முண்டியடிக்கவில்லை, ஓடவில்லை, வேலை முடிந்து களைத்துப்போய் இறங்குகிறவர்கள் வரிசையாக இறங்குவது போல இறங்கினார்கள். யாரையும் காணவில்லை. சரளை மட்டும் குழிந்தது. குழியில் தண்ணீர் நின்றது. எண்ணெய் வாடை அவர் தொண்டைவரை ஏறியது.

ஒவ்வொரு ஜோடிக் காலும் அவருக்கு எதிரே வந்ததும் ஒரு கணம் நின்றது. மரியாதைக்காக. அவர் அறிந்தவரையில் தன்னை யாரும் இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. அந்த மரியாதையில்தான் அவருக்கு முதுகு சில்லிட்டது.

கடைசியாக ஒன்று வந்தது. அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றது. முகத்துக்கு நேராக, மிக அருகில், குளிர்ந்த காற்று ஒன்று உள்ளே இழுக்கப்பட்டு வெளியே விடப்பட்டது. அவருடைய கஞ்சிச் சட்டையின் காலரை ஏதோ ஈரமானது தொட்டுச் சரிசெய்தது. பிறகு காலடிகள் வாசல் பக்கம் போயின. சாலையைத் தாண்டின. மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது.

போக வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. குறுக்கு வழியாக ஓடினால் முந்திவிடலாம். கதவைத் தாழ் போடச் சொல்ல வேண்டும். திரும்பினார்.

திரும்பவில்லை. திரும்புவதாக நினைத்தார். உடம்பு கடலைப் பார்த்தே நின்றது. கால் மரத்துப்போகவில்லை, யாரும் பிடிக்கவும் இல்லை. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோமோ என்று பாதி வழியில் ஒரு பதைப்பு வந்து நிறுத்துமே, அது மாதிரி ஒன்று, நூறு மடங்காக, எலும்புக்குள் இருந்து சொன்னது: நீ போனால் இங்கே யார் நிற்பது. அடுத்த ஆள் வரவில்லையே. அவர் அழுதுகொண்டே நிமிர்ந்து நின்றார். குதிகால் தானாகச் சேர்ந்தது.

கைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சொந்தப் புத்தி இருந்தது. பையிலிருந்து போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"ஹலோ, யாரு பேசறது?" அவருடைய பெயர் போனில் தெரிந்திருக்க வேண்டும். அது யாருடைய பெயர் என்றே அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

'கதவைத் திறக்காதே' என்று சொல்ல வாயைத் திறந்தார். "காவல் நடக்கிறது," என்று வாய் சொன்னது.

"அப்படிங்களா. ரொம்ப நல்லதுங்க," என்றாள், ஏதோ அலுவலக அழைப்புக்குச் சொல்வது போல. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "நான் அப்புறம் பேசட்டுமா? எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் டூட்டி முடிஞ்சு வந்தாரு. ஒரே ஈரம். துடைக்கத் துடைக்க வந்துகிட்டே இருக்கு பாருங்க, நிக்கவே மாட்டேங்குது." அவள் தலையைச் சாய்த்துச் சிரிப்பது போனிலேயே தெரிந்தது. அந்தச் சிரிப்பேதான். போன் நின்றது.

நாளைக்கு மணிக்காரர் வருவார். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். வருவார், பார்ப்பார், விடுவிப்பார். வந்து மணியடிப்பார், கற்களைப் பார்த்து நிற்பார், பிறகு என்ன சொல்வார்? ஏனென்று கேட்டுப் பழகாத மனிதர். 'காவல் நடக்கிறது' என்பார். நாளை மறுநாளும் அதையே சொல்வார். சொல் மாறாத ஆள் என்று அவரை இவர் எத்தனை பேர் எதிரில் கேலி செய்திருக்கிறார். இப்போது அவர் அந்த மனிதரை நினைத்துக் கைகூப்ப நினைத்தார். கை எழவில்லை. கையும் இப்போது விறைப்பாகத் தொடையை ஒட்டி நின்றது.

பனி விலகியது. எதிரே இருந்த கல்லில் பெயர்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. வெட்டிய தடம்கூட இல்லாத வழவழப்பில் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்த ஊர் முழுதும் தெளிவாகத் தெரிந்தது: சாலை, மேடு, அடுக்கடுக்காக வீடுகள், ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிற கதவுகள். எங்கோ ஒரு வீட்டில் யாரோ அலறினார்கள். எங்கோ அழுதார்கள். பெரும்பாலான வீடுகளில் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

தன் வீட்டின் ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். இமை மூடவில்லை. காவலில் நிற்பவனுக்கு இமை மூடாது.

ஜன்னல் நகம் அளவுக்கு இருந்தது. விளக்கு எரிந்தது. அவர் உட்காரும் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவள் பின்னால் நின்று துண்டால் அவன் தலையைத் துவட்டினாள். துண்டைப் பிழிந்தாள். துவட்டினாள். தரையெல்லாம் தண்ணீர் மினுங்கியது. அவள் வாய் ஓயாமல் பேசியது. பிறகு முன்பக்கமாக வந்து மண்டியிட்டாள். துண்டை விலக்கினாள். மீன்கள் அவனிடத்தில் அதிகம் மிச்சம் வைத்திருக்கவில்லை. எதுவுமற்ற அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தாள்.

முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.